சிறு மானியமும் சிற்றூர்க் கலையும்: டென்மார்க்கின் தீராத வழக்கு

தலைநகரத்துக்கு வெகு தொலைவில், கடற்காற்று ஓயாத சிற்றூர் ஒன்றில், குளிர்கால மாலைகளில் கூடும் முப்பது நாற்பது பேர் ஒரு நாடகம் போட விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடை விளக்குக்கும் உடைக்கும், ஒத்திகை பார்க்க வெளியூரிலிருந்து வரும் ஆசிரியருக்கும் வேண்டிய தொகை, எந்த ராஜ்யத்தின் வரவு செலவுத் திட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத தொகைதான். எனினும் இந்த அற்பத் தொகையைப் பொதுப்பணத்திலிருந்து தரலாமா, தருவதானால் பெறத்தக்கவர் யார், அவரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் தலைநகரத்து நிபுணரிடமா, ஊர்ச்சபையிடமா, அல்லது அந்த முப்பது பேரிடமேயா என்ற வினா, ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மந்திரிகளையும் கலைஞர்களையும் பண்டகசாலை ஊழியர்களையும் வாதத்துக்கு இழுத்திருக்கிறது. தொகை சிறிதாயிருப்பதால் வழக்கும் சிறிதாகிவிடவில்லை.

இவ்வழக்கின் பல பக்கங்களையும் ஒரே தேசத்துச் சரித்திரத்தில் காண விரும்புவோர்க்கு டென்மார்க் பொருத்தமான இடம். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் கோட்டை வைத்திருந்த டேனியரைத் தமிழர் வாணிகராகவும், அச்சுக்கூடம் கொணர்ந்த பாதிரிமாருக்கு இடமளித்தவராகவும் அறிவர். அறுபது லட்சம் மக்களும் 98 உள்ளாட்சிகளும் கொண்ட அந்நாட்டினர், தம் கிராமத்துக் கலைகளை யார் போஷிப்பது என்று தமக்குள் நடத்திய சர்ச்சை நம்மவர்க்கு அவ்வளவாகப் பரிச்சயமில்லை.

மண்டபங்களின் மரபு

அரசு தலையிடுவதற்கு முன்பே டேனியக் கிராமம் தன் கலைக்குத் தானே பணம் கட்டியது. 1849ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் கூட்டம் கூடும் உரிமையை அளித்தது. கவியும் சமயத் தலைவருமான குருண்ட்விக்கின் உபதேசத்தால் ஊக்கம் பெற்ற மக்கள் உயர்கல்விச்சாலைகளில் முதலாவது 1844ஆம் ஆண்டு ரோடிங் என்னும் ஊரில் தோன்றியிருந்தது. அங்கே பயின்று திரும்பிய உழவர் குடிப்பிள்ளைகள், பால்பண்ணைக் கூட்டுறவுகளைக் கட்டிய அதே பழக்கத்தால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊருக்கு ஒரு மண்டபம் எழுப்பலாயினர். செங்கல்லால் ஆன ஒரே நீண்ட கூடம், ஒரு கோடியில் தாழ்ந்த மேடை, மறுகோடியில் சமையலறை என்பதே அதன் பொது அமைப்பு. தேகப்பயிற்சியும் சொற்பொழிவும் அங்கேதான் நடந்தன; குளிர்காலத்தில் ஊராரே நடிக்கும் நாடகமும், அது முடிந்ததும் காப்பியும் நடனமும் அங்கேதான். பங்குத்தொகை போட்டவர்களே மண்டபத்தின் சொந்தக்காரர்கள்.

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டுக் கூத்துக்குழுவை அழைத்துவரும் ஊர்களை அறிந்தவர்க்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. கோவிலின் இடத்தில் கூட்டுறவு இருந்தது என்பதே வேறுபாடு.

ஊர் தன் கலையைத் தானே தாங்கவேண்டும் என்போர் இன்றும் இந்த மரபையே சான்று காட்டுகின்றனர். சான்று வலியதுதான், ஆயினும் அதில் மறைந்திருக்கும் விரிசலைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1861ஆம் ஆண்டு அமைப்புருப் பெற்ற உள்நாட்டு மிஷன் என்னும் பக்தி இயக்கத்தார் நடனத்தையும் நாடகத்தையும் பாபமெனக் கருதித் தமக்கென வேறு பிரார்த்தனை மண்டபங்கள் கட்டிக்கொண்டமையால், பல ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு மண்டபங்கள் எதிரெதிராக நின்றன. சொந்த நிலமற்ற பண்ணையாட்களும் வேலைக்காரப் பெண்களும் இவற்றில் பங்காளிகளுக்கு நிகரான மரியாதை பெற்றார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஊர் என்பது ஒரு மனம் உடையது என்ற எண்ணம் தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கே எளிதில் உண்டாகிறது.

கலையை மக்களிடம் கொண்டுசெல்லுதல்

இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின் வந்த சமூக ஜனநாயகவாதிகள் வேறொரு விடை கூறினர். அவர்களுள் ஒருவரான யூலியுஸ் பொம்ஹோல்ட் 1953ஆம் ஆண்டில் மனிதனை மையமாகக் கொண்ட கலாசாரக் கொள்கையொன்றை வற்புறுத்தி நூல் வெளியிட்டார். 1961ஆம் ஆண்டு கலாசார அமைச்சகம் தோன்றியபோது அதன் முதல் அமைச்சரும் அவரே ஆனார். வைத்தியமும் கல்வியும் எல்லோர்க்கும் உரியவை எனில் நல்ல கலையும் அவ்வாறே என்பது அவர் நியாயம். 1964ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் ஒவ்வோர் உள்ளாட்சியும் நூலகம் நடத்தக் கடமைப்பட்டது. அதே ஆண்டில் கலைஞர்களுக்கு உதவும் அரசுக் கலைநிதியும் புதிய சட்ட உருவம் பெற்றது. தலைநகரமான கோபன்ஹேகனில் உள்ளவன் பார்ப்பதை யுட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ளவனும் பார்க்கவேண்டும், கேட்கவேண்டும் என்பதே நோக்கம்.

இந்நோக்கத்தின் பெருமையை எவரும் மறுக்கமாட்டார்கள். நூலகங்களைப் பொறுத்தவரை அது பலித்தது என்றும் சொல்லலாம். ஆனால் இதன் உள்ளே ஓர் அனுமானம் உறைந்திருக்கிறது. கலை ஓரிடத்தில் உற்பத்தியாகிப் பிறிதோரிடத்தில் நுகரப்படுவது என்பது அந்த அனுமானம். அப்படியானால் சிற்றூர்க்காரன் எப்போதும் பந்தியில் உட்கார்ந்தவனே. சமையலறையில் அவனுக்கு இடமில்லை. எது நல்ல கலை என்று நிர்ணயிப்பவர்களும் பெரும்பாலும் தலைநகரத்துவாசிகளாகவே அமைந்தனர்.

கோல்டிங் நகரத்துக் கண்டனம்

அந்த அனுமானத்தின்மேல் விழுந்த முதல் அடி கலைஞரிடமிருந்து வரவில்லை. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசுக் கலைநிதி சில கலைஞர்களுக்கு மூன்றாண்டு உதவித்தொகை அறிவித்தபோது, கிழக்கு யுட்லாந்தின் கோல்டிங் நகரில் பண்டகசாலை நிர்வாகியாயிருந்த பீட்டர் ரிண்டால் என்பவர் அதைக் கண்டித்துக் கையெழுத்துத் திரட்டலானார். உழைப்பவன் செலுத்தும் வரியை, அவன் விரும்பவோ விளங்கிக்கொள்ளவோ இயலாத சிருஷ்டிகளுக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்பது அவர் கேள்வி. தொழிற்சாலைகளிலிருந்து ஆயிரமாயிரமாகக் கையெழுத்துகள் குவிந்தன, பாராளுமன்றத்தில் விவாதம் எழுந்தது, சட்டம் மாறவில்லை, ஆனால் இத்தகைய எதிர்ப்புக்கே அவர் பெயர் வழங்கலாயிற்று.

ரிண்டாலை அறியாமையின் உருவமாகக் காட்டுவது அக்காலத்து அறிவாளிகளுக்கு வசதியாயிருந்தது. இன்று நிதானமாக நோக்குமிடத்து, அவர் வாதத்தில் இரு இழைகள் பின்னியிருப்பது புலனாகும். கலைக்குப் பொதுப்பணமே கூடாதென்பது ஒன்று. இது பலவீனமானது, ஏனெனில் அதே கையெழுத்தாளர் நூலகத்தையும் இசைப்பள்ளியையும் மூடச் சொன்னதில்லை. தீர்ப்பவர் யார், அவரை நியமித்தவர் யார் என்பது மற்றொன்று. இதற்கு இன்றளவும் பூரண சமாதானம் கிடைத்ததாகத் தெரியவில்லை. 2002ஆம் ஆண்டுப் புத்தாண்டு உரையில் பிரதமர் ஆனர்ஸ் ஃபோக் ராஸ்முசன், ரசனைக்குத் தீர்ப்புக் கூறும் நிபுணர்களைச் சாடி, அரசாங்கக் குழுக்கள் பலவற்றைக் கலைக்கப்போவதாக அறிவித்தபோது, அந்த இரண்டாம் இழையையே எடுத்து முறுக்கினார் எனலாம்.

இவ்விடத்தில் ஒரு விநோதம் உண்டு. டென்மார்க்கில் 1949ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கால்பந்துப் பந்தயச் சீட்டின் லாபத்தில் ஒரு பங்கு, விளையாட்டுக்கும் இளைஞர் சங்கங்களுக்கும் போலவே தொழில்முறை சாராத கலைஞர்களின் அமைப்புகளுக்கும் போய்ச் சேருகிறது. ஊர்ப் பாடற்குழுவும் நாடகக் குழுவும் இவ்வழியே சிறு உதவி பெற்றபோது கோல்டிங்கில் எழுந்ததைப் போன்ற கூக்குரல் எங்கும் எழவில்லை. சீட்டுப் பணம் வரிப்பணமன்று என்ற ஆறுதல் ஒரு காரணம். கொடுப்பவர் நிபுணர் குழு அல்லர், சங்கங்களின் சம்மேளனமே என்பது அதனினும் பெரிய காரணமாயிருக்கக்கூடும்.

மக்களே கலைஞர்

கலாசார அமைச்சகம் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான அறிக்கையும் அதைத் தொடர்ந்த பத்தாண்டின் விவாதங்களும் மூன்றாவது நிலையை உருவாக்கின. உயர்ந்த கலாசாரம் ஒன்று உண்டு, அதை எல்லோர்க்கும் பகிர்ந்தளிப்போம் என்ற பழைய சூத்திரத்துக்கு மாறாக, கலாசாரங்கள் பல, ஒவ்வொரு கூட்டமும் தன் வெளிப்பாட்டைத் தானே தேடிக்கொள்ள உதவுவதே அரசின் வேலை என்று இந்நிலையை மேற்கொண்டோர் கூறினர். இங்கிலாந்திலும் இதே காலத்தில் சமுதாயக் கலை பற்றிய விசாரணைக் குழுவொன்று ஹெரால்ட் பால்ட்ரியின் தலைமையில் 1974ஆம் ஆண்டு தன் அறிக்கையைத் தந்தது. ஆங்கிலேயர்க்கு அது நகரத்துச் சேரிகளில் பிறந்த புதிய இயக்கம். டேனியர்க்கோ குருண்ட்விக்கின் பழைய உபதேசம் புதிய வேடத்தில் திரும்பியதாகவே தோன்றியது.

இக்கொள்கைக்குச் சட்ட வடிவமும் உண்டு. மக்கள் கல்விச் சட்டம், விதிமுறைகளோடு அமைந்த எந்தச் சங்கத்துக்கும் இடவசதியும் உதவியும் அளிக்குமாறு உள்ளாட்சிகளைப் பணிக்கிறது. புதிய முயற்சிகளுக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்கவும் சொல்கிறது. சங்கம் என்ன பாடுகிறது, எப்படிப் பாடுகிறது என்று அது கேட்பதில்லை. கணக்கு ஒழுங்காயிருக்கிறதா, யாவர்க்கும் கதவு திறந்திருக்கிறதா என்றே கேட்கிறது. தரத்தை நிறுக்கும் தராசையே தூக்கியெறிந்த இந்த ஏற்பாடு ரிண்டாலின் இரண்டாம் கேள்விக்கு மிக நேர்த்தியான பதில் என்பது என் அபிப்பிராயம்.

குறையும் இதே இடத்தில்தான். தரத்தைக் கேளாத உதவி, புதியதைப் பழையதினின்றும் பிரித்தறிய இயலாமல், சங்கமாய் இருப்பதையே தகுதியாக்கிவிடுகிறது. ஐந்து தலைமுறையாக நடக்கும் பாடற்குழுவுக்கு விதிமுறைப் புத்தகம் உண்டு; நேற்றுக் கூடிய நான்கு இளைஞர்களுக்கு அது இல்லை. தொழில்முறைக் கலைஞர்களோ, பொழுதுபோக்கையும் வாழ்நாள் உழைப்பையும் ஒரே பையிலிருந்து போஷிப்பது இரண்டுக்கும் துரோகம் என்று வாதித்தனர். ஆகவே அரசு இரு பைகளைத் தைத்தது. ஒரு பை சங்கங்களுக்கு. மற்றொன்று, 2003ஆம் ஆண்டு அமைந்த அரசுக் கலை மன்றம் 2014ஆம் ஆண்டு இணைந்தபின் ஒன்றாகிவிட்ட அரசுக் கலைநிதிக்கு. கலைஞரும் ஊராரும் சேர்ந்து செய்யும் முயற்சி இரண்டு பைகளுக்கும் நடுவே விழுந்துவிடும் அபாயம் அன்றே தொடங்கிற்று. பள்ளிகளுக்குக் கலைஞரை அனுப்பும் திட்டம் முதலியவை அந்த இடைவெளியை அடைக்க முயன்றவையே.

ஹோல்ஸ்டெப்ரோவின் சாட்சியம்

இக்கட்சிகள் அனைத்தும் தத்தமக்குச் சாதகமாகக் காட்டும் ஊர் ஒன்றுண்டு. மேற்கு யுட்லாந்தில், வாடைக்காற்றும் மணற்பாங்கான நிலமும் தவிர வேறு புகழில்லாதிருந்த ஹோல்ஸ்டெப்ரோ நகரத்தின் மேயர் கை நீல்சனும் அவர் சகாக்களும் 1965ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்துச் சிற்பி ஜியாக்கோமெட்டி செய்த வண்டியின்மேல் நிற்கும் மெலிந்த பெண்ணுருவை வாங்கிப் பழைய நகர மன்றத்தின்முன் நிறுத்தினார்கள். ரிண்டால் கையெழுத்துத் திரட்டிய அதே வருஷம் அது. ஊரார் முகம் சுளித்தனர். பிறகு அவளுக்கு மாரன் என்று வீட்டுப்பெயர் இட்டு உறவாக்கிக்கொண்டனர்.

அடுத்த ஆண்டு நடந்ததே நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. யூஜெனியோ பார்பா என்ற இத்தாலிய இளைஞர், 1963ஆம் ஆண்டில் கேரளத்துக்கு வந்து கதகளிப் பயிற்சியைக் கண்டு வியந்தவர், நாடகப் பள்ளியில் இடம் கிடைக்காத சிலரைச் சேர்த்துக்கொண்டு 1964ஆம் ஆண்டு நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஓடின் நாடக அரங்கை ஆரம்பித்திருந்தார். பாஷை வேறு, பெயர் இல்லை, பார்வையாளர் இல்லை. அவர்களை ஹோல்ஸ்டெப்ரோ அழைத்து, நகரத்தின் ஓரத்தில் கைவிடப்பட்ட ஒரு பண்ணைவீட்டையும் சிறு தொகையையும் கொடுத்தது. பன்றிகளும் மாடுகளும் கிடந்த கொட்டில்களை நடிகர்களே கழுவிச் செப்பனிட்டு ஒத்திகைக் கூடமாக்கினர். அவர்கள் இயற்றிய நாடகங்கள் அவ்வூராருக்கு வெகுகாலம் விளங்கவில்லை; நகரமும் அவர்களை வெளியேற்றவில்லை.

1974ஆம் ஆண்டில் தென் இத்தாலியின் கார்ப்பிஞ்ஞானோ கிராமத்தில் தங்கியிருந்தபோது இக்குழு ஒரு முறையைக் கண்டடைந்தது. நாங்கள் ஆடுவதற்குக் கட்டணம் வேண்டாம், பதிலுக்கு உங்கள் பாட்டையும் நடனத்தையும் தாருங்கள் என்ற பண்டமாற்றே அது. இம்முறை ஹோல்ஸ்டெப்ரோவுக்கும் திரும்பி வந்தது. 1980களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த நகர விழாக்களில் பள்ளிகளும் தேவாலயங்களும் விளையாட்டுச் சங்கங்களும் நடிகர்களோடு கலந்து தெருக்களை மேடையாக்கின. 2022ஆம் ஆண்டு பார்பாவும் அவர் குழுவினரும் அவ்வூரில் தாம் வளர்த்த ஸ்தாபனத்தினின்று பிரியும்வரை அந்த உறவு ஏறத்தாழ ஐம்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது.

கலையை மக்களிடம் கொண்டுசெல்வோர் இதைத் தம் வெற்றி என்பர், ஏனெனில் வந்தவர் வெளியாரும் தொழில்முறைக் கலைஞரும் ஆவர். மக்களே கலைஞர் என்போர் பண்டமாற்றைக் காட்டித் தம் வெற்றி என்பர். எனக்கோ இவ்விரண்டையும்விட ஒரு சாதாரண விஷயம் முக்கியமாகப் படுகிறது. தொகை சிறிது, காலம் நெடிது. அத்துடன், நகரம் கொடுத்தது ஒரு நாடகத்துக்கான மானியமன்று, கூரையும் வாசலும். பிற ஊர்களில் வளர்ந்த பிரதேச நாடக அரங்குகளுக்கு, அதாவது ஹாடர்ஸ்லெவின் மோல்லன், மோர்ஸ் தீவின் லிம்ஃபியோர்ட், ஸ்வென்போர்க்கின் பாக்கோர்ட் முதலியவற்றுக்கு, உள்ளாட்சி பல ஆண்டு ஒப்பந்தத்தில் உதவ, அரசு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சட்ட ஏற்பாட்டிலும் இதே தத்துவத்தின் சாயலைக் காணலாம்.

ஹோல்ஸ்டெப்ரோவை விதியாகக் கொள்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. இவ்வாறே துணிந்து அழைத்து, எதுவும் விளையாத ஊர்களைப் பற்றி எவரும் புத்தகம் எழுதுவதில்லை.

எல்லைகள் மாறியபின்

தீர்ப்பு அருகில் இருக்கவேண்டும் என்பது நான்காவது நிலை. 1996ஆம் ஆண்டு பரீட்சார்த்தமாகத் தொடங்கிய கலாசார ஒப்பந்தங்களின்படி, அண்டை உள்ளாட்சிகள் பல சேர்ந்து அமைச்சகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அரசுப் பணத்தின் ஒரு பகுதியைத் தாமே பங்கிடும் அதிகாரம் பெற்றன. 2007ஆம் ஆண்டின் சீர்திருத்தமோ 271 உள்ளாட்சிகளை 98 ஆகச் சுருக்கி, பழைய மாவட்டங்களை அகற்றி, வரி விதிக்கும் உரிமையில்லாத ஐந்து மண்டலங்களை வைத்தது. பல கிராமங்களுக்கு, மனுவைக் கையில் கொடுக்கத்தக்க தூரத்தில் இருந்த நகர மன்றம் ஒரே நாளில் வெகுதூரம் தள்ளிப் போயிற்று.

இந்நிலையின் பலவீனம் இரண்டு. நூலகமும் இசைப்பள்ளியும் உள்ளாட்சிக்குக் கடமை. ஏனைய கலைச்செலவில் பெரும்பகுதி விருப்பம். முதியோர் பராமரிப்புச் செலவு ஏறும் ஆண்டில் எது முதலில் வெட்டுப்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மேலும், அரசியல்வாதி பணம் தரலாம், தீர்ப்பைத் தரக்கூடாது என்று தேசிய அளவில் பேணப்படும் விலகல் நியமம் உள்ளூரில் அத்தனை உறுதியாக இல்லை. சில நகரங்கள் நிபுணர் குழு வைத்துள்ளன. மற்றவற்றில் கலாசாரக் கமிட்டி உறுப்பினரே, மனுதாரரைத் தேவாலய வாசலில் ஞாயிறுதோறும் சந்திப்பவரே, முடிவு செய்கிறார். அருகிலிருப்பது அறிவைத் தருவது போலவே தாட்சணியத்தையும் தருகிறது.

பிரயோஜனத்தின் பேரால்

2000ஆம் ஆண்டுக்குப் பின் வழக்கின் மொழியே மாறிவிட்டது. அமெரிக்க நகர ஆய்வாளர் ரிச்சர்ட் ஃப்ளோரிடா 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று, படைப்புத்தொழிலார் குடியேறும் ஊரே செழிக்கும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. வடக்கு யுட்லாந்திலிருந்து மேற்குக் கரை வழியே லோலண்டு, ஃபால்ஸ்டர் தீவுகள்வரை வளைந்து செல்லும் பின்தங்கிய பகுதியை அழுகிய வாழைப்பழம் என்று பரிகசிக்கும் வழக்கம் டேனியரிடையே இருந்தது. அப்பழத்தை மீட்கும் மருந்துகளுள் ஒன்றாகக் கலையும் சேர்க்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அரசு 3,900 உத்தியோகங்களைத் தலைநகரத்திலிருந்து வெளியூர்களுக்கு மாற்ற முடிவுசெய்த காலத்தின் மனநிலை இதுவே. ஆர்ஹுஸ் நகரம் 2017ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரமானபோது மத்திய மண்டலத்தின் 19 உள்ளாட்சிகளும் அதில் பங்கேற்றதற்கும் இதே எதிர்பார்ப்பு ஒரு காரணம்.

டேனிய ஆய்வாளர் டோர்டெ ஸ்கோட் ஹான்சன் 2005ஆம் ஆண்டில், நகரக் கலாசாரக் கொள்கைகளின் காரணங்களை அறிவொளி, ஆற்றலளித்தல், பொருளாதார விளைவு, கேளிக்கை என நான்காக வகுத்தார். அவ்வகுப்பைச் சிற்றூருக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரே நாடகத்துக்கு மனு எழுதுபவர் வெவ்வேறு கதவுகளில் இந்நான்கையும் மாறிமாறிச் சொல்லவேண்டியிருப்பது தெரியும். விளைவை அளப்பதும் எளிதன்று. பிரிட்டனில் ஃப்ரான்சுவா மாட்டராசோ 1997ஆம் ஆண்டில் கலைப் பங்கேற்பின் சமூகப் பயன்களைத் தொகுத்துக் காட்ட, 2002ஆம் ஆண்டில் பாவ்லா மெர்லி அவர் ஆராய்ச்சி முறையையே ஆட்சேபித்தார். பங்கேற்றவரிடமே பயன் உண்டா என்று கேட்டால் ஆம் என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? வாலிபர் ஊரைவிட்டுப் போவதற்குக் காரணம் வேலையும் உயர்கல்வியும் எனில், ஒரு கோடைகால இசைவிழா அதைத் தடுக்கவில்லை என்று அவ்விழாவைக் குற்றம் கூறுவதும் நியாயமாகாது.

மனு எழுதும் வேலை

கொள்கைகளின் சர்ச்சையில் மறைந்துவிடும் ஒரு விஷயத்தைச் சற்று நின்று கவனிப்பது தகும். சிறு மானியத்துக்கு மனுச் செய்யும் ஊர்ச் சங்கம், முயற்சியின் விவரம், நோக்கம், வரவு செலவு மதிப்பீடு, காலவரையறை, பிறரிடமிருந்து வரும் பணம் ஆகியவற்றை எழுதவேண்டும். முடிந்தபின் கணக்கும் அறிக்கையும் சமர்ப்பிக்கவேண்டும். பிறர் தருவதாக ஒப்புக்கொண்டால் நாங்களும் தருவோம் என்பது பல நிதிகளின் வழக்கமாதலால், முதற்பணம் எங்கிருந்து வரும் என்பதே பெரும்புதிர். ஐரோப்பிய ஒன்றியத்தின் கிராம அபிவிருத்திப் பணத்தை உள்ளூர்ச் செயற்குழுக்கள் வழங்கும் ஏற்பாட்டில், செலவுசெய்து ரசீது காட்டிய பிறகே தொகை கைக்கு வரும். இருப்பு இல்லாத சங்கம் அதுவரை கடனில் நிற்கவேண்டும். பத்தாயிரம் டேனியக் குரோனருக்கான மனுவும் லட்சம் குரோனருக்கான மனுவும் ஏறக்குறைய ஒரே உழைப்பைக் கேட்கின்றன என்பதால், தொகை சிறுக்கச் சிறுக்க அதைப் பெறும் செலவின் விகிதம் பெருகுகிறது.

இதன் விளைவு எதிர்பாராததன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ, அமைச்சகத்தின் பாஷையில் பழகிய உத்தியோகஸ்தரோ வாழும் ஊருக்குப் பணம் போகிறது. அத்தகையவர் இல்லாத ஊருக்குப் போவதில்லை. புதுமை வேண்டும் என்று நிதிகள் கேட்பதால், நன்றாக நடந்துவரும் காரியத்துக்கும் ஆண்டுதோறும் புதுப்பெயர் சூட்டவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது.

டென்மார்க்கின் தனியார் அறநிதிகள் இங்கே பெரும் பங்கு வகிக்கின்றன. மதுவடிசாலை அதிபர் கார்ல் யாக்கப்சன் 1902ஆம் ஆண்டில் நிறுவிய நியூ கார்ல்ஸ்பெர்க் நிதியம் முதல், வீட்டுக்கடன் நிறுவனமொன்றின் விற்பனையால் 2000ஆம் ஆண்டில் பிறந்த ரியால்டானியா வரை இவை பலவிதம். அரசைவிட விரைந்து, துணிந்து கொடுக்கவல்லவை. வாக்காளர்க்கு விடைசொல்லக் கடமைப்படாதவை. கல்லும் மரமும் சிற்பமும் நிலைத்துத் தெரிவதால் இத்தகைய நிதிகளின் மனம் அவற்றின்பால் சாய்வது இயற்கை. பழைய மண்டபத்தின் கூரையைப் புதுப்பிக்கப் பணம் கிடைத்துவிடலாம். அக்கூரையின்கீழ் வாரந்தோறும் பாட்டுச் சொல்லித்தருபவரின் சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது.

நம் நாட்டு அனுபவத்தை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். 1953ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய சங்கீத நாடக அகாதெமியும், 1955ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து பின்னர் இயல் இசை நாடக மன்றமென வழங்கும் அமைப்பும், விருதாகவும் நலிந்த கலைஞர்க்கு நிதியாகவும், பெரும்பாலும் தனிமனிதரை நோக்கியே உதவின. டேனியர் கூட்டத்தை நோக்கிக் கொடுத்தனர். கூத்துக் கலைஞரின் முதுமையைக் காப்பதில் நம் முறைக்கும், கூத்து நடக்கும் ஊரைக் காப்பதில் அவர்கள் முறைக்கும் வலிமை அதிகம் என்று மேலோட்டமாகச் சொல்லலாம்.

குடியேறிய கலைகள்

1980களில் ஈழத்திலிருந்து புகலிடம் தேடிச் சென்ற தமிழர் பலர் யுட்லாந்தின் சிறு நகரங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுடைய குடும்பத்தினர் வந்து சேர்வதைச் சட்டவிரோதமாக நிறுத்திவைத்த நீதியமைச்சர் எரிக் நின் ஹான்சன் மீதான விவகாரத்தில், 1993ஆம் ஆண்டு பிரதமர் போல் ஷ்லூட்டரின் மந்திரிசபையே பதவி விலகியது. 1995ஆம் ஆண்டில் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அதே தமிழர் ஹேர்னிங்கில் விநாயகருக்கும் பிராண்டேயில் அபிராமிக்கும் ஆலயங்கள் எழுப்பினர். பிள்ளைகளுக்குத் தமிழும் பரதமும் கற்பித்தனர்.

சங்கம் அமைத்தவர்க்கெல்லாம் இடம் தரும் மக்கள் கல்விச் சட்டம் இவர்களுக்கும் பொதுவானதே. மாலையில் வெறுமையாகும் பள்ளிக்கூட அறையைப் பெற, அவர்கள் ஆடுவது உயர்ந்த கலையா என்று நிரூபிக்கவேண்டியதில்லை. இது அச்சட்டத்தின் அரிய குணம். ஆனால் அறைக்கு அப்பால், ஒரு நிகழ்ச்சிக்கான மானியம் கேட்கும்போது, வகைப்படுத்தும் சங்கடம் தோன்றிவிடுகிறது. பரதநாட்டியம் கலையின் பையில் சேருமா, ஒருங்கிணைப்பின் பையில் சேருமா? இரண்டாவது பையில் சேர்ந்தால், ஆடுபவள் நன்றாக ஆடினாளா என்று எவரும் கேட்கமாட்டார்கள். டேனியப் பிள்ளைகள் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார்கள். தரத்தைக் கேளாமை ஓரிடத்தில் உதாரமும் இன்னோரிடத்தில் அவமதிப்பும் ஆகிறது.

தீராதவை

இத்தனை நிலைகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, எதுவும் முற்றிலும் தோற்கவில்லை, எதுவும் தனித்து வெல்லவுமில்லை என்றே கூறத் தோன்றுகிறது. சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன; பழையது எடுக்கப்படவில்லை. அதனால் ஒரே ஊர் மண்டபம் தன் தரைக்கு ஒரு நிதியிடமும், நாடகத்துக்கு ஒரு நிதியிடமும், கற்பிப்பவருக்கு ஒரு சட்டத்திடமும் கையேந்த நேரிடுகிறது.

சிறு மானியம், முன்பே ஒரு கூரையும் ஒரு சங்கமும் கூடும் பழக்கமும் இருந்த இடத்தில் பலமடங்கு பயன் தந்திருப்பதாகத் தோன்றுகிறது. அவை இல்லாத இடத்தில் அவற்றை உண்டாக்கியதற்கான சான்று மிகக் குறைவு. இது சரியெனில், எத்தனை குரோனர் என்ற கேள்வியைவிட எத்தனை ஆண்டு என்ற கேள்வியே முந்தவேண்டும். மனுவின் பாரத்தைக் குறைத்து, அதே தொகையைப் பல ஆண்டுக்குப் பரப்பிக் கொடுப்பது தலைநகரத்து நிபுணர், ஊர்க் கமிட்டி ஆகிய இருவர் கையிலும் உள்ள காரியம்.

ஆனால் நெடுங்கால உதவிக்கு அதற்கே உரிய சிக்கல் உண்டு. பாடுவோர் பத்துப் பேராகக் குறைந்துவிட்ட குழுவுக்கு, அண்டையில் முளைக்கும் புதிய குழுவை வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு, எதுவரை கொடுத்துக்கொண்டே போவது? அதை நிறுத்தும் நாளை அப்பாடகர்களே குறிக்கவேண்டுமா, பார்க்க வராதவர்கள் குறிக்கவேண்டுமா? தரம் கேட்பவர்களிடமும் தரம் கேளாதவர்களிடமும் ஒருங்கே ஒப்புதல் பெறத்தக்க விதியொன்றை இதற்கு டென்மார்க் இன்னும் வகுத்துக்கொள்ளவில்லை.